பயாப்ஸி அறிக்கையில் பி53 அதிகம்: கட்டியைத் தடுக்கும் புரதம் கட்டியிலேயே குவிந்திருப்பது ஏன்?

வலங்கை வாசகி

அனைவருக்கும் வணக்கம். எங்கள் சித்திக்குச் சினைப்பையில் கட்டி இருந்ததால் தஞ்சாவூரில் அறுவை சிகிச்சை நடந்தது. திசுப் பரிசோதனை அறிக்கை இப்போதுதான் கைக்கு வந்தது. ‘உயர்தர சீரஸ் கார்சினோமா’ என்று எழுதி, அதன் கீழே ‘பி53: 90 சதவீதத்துக்கு மேற்பட்ட உட்கருக்களில் அடர்ந்த நிறமேற்றம், பிறழ்ந்த வகை’ என்று ஒரு வரி இருக்கிறது. நான் உயிர்வேதியியல் இரண்டாம் ஆண்டு படிப்பதால் வீட்டில் எல்லோரும் அறிக்கையை என்னிடமே நீட்டுகிறார்கள்.

பி53 கட்டியை அடக்கும் புரதம் என்றுதான் படித்திருக்கிறேன். டிஎன்ஏ சேதமானால் செல் பிரிவதை நிறுத்தும். சேதம் தீராவிட்டால் செல்லைச் சாகவிடும். அப்படிப்பட்ட புரதம் சித்தியின் கட்டியில் இவ்வளவு இருக்கிறதென்றால் அது நல்ல செய்தியா? நல்ல செய்தி என்றால் கட்டி எப்படி வளர்ந்தது? சித்தப்பா கேட்டபோது என்னால் பதில் சொல்ல முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் விளக்க வேண்டுகிறேன்.

மன்னை விலங்கியல்

முதலில் உன் சித்தி நலம் பெறட்டும் அம்மா. மேல்நிலை வகுப்புக்கு விலங்கியல் நடத்துகிறவன் என்ற அளவில் சொல்கிறேன். கட்டிச் செல்களில் டிஎன்ஏ சேதம் அதிகம். சேதம் அதிகமானால் பி53 கூடும். ஆகவே உடல் எதிர்த்துப் போராடுவதன் அடையாளமாக அதை எடுத்துக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன். நோயியல் மருத்துவர் யாராவது இருந்தால் உறுதிப்படுத்துங்கள்.

கண்ணாடித் துண்டு

நான் கும்பகோணத்தில் திசு நோயியல் மருத்துவராக இருக்கிறேன். ஆசிரியர் சொன்ன விளக்கத்தை ஏற்க முடியாது. இதை வீட்டில் அப்படிச் சொல்லிவிட வேண்டாம். அந்த அறிக்கை சொல்வது நேர் எதிரானது: அந்தக் கட்டியில் பி53 மரபணு கெட்டிருக்கிறது.

நுண்ணோக்கியில் நாங்கள் பார்ப்பது இதுதான். நலமான திசுவில் பி53 நிறம் சில உட்கருக்களில் மங்கலாக, சிலவற்றில் சற்று அழுத்தமாக, பலவற்றில் இல்லாமலே, திட்டுத்திட்டாக இருக்கும். மரபணு சரியாக இருக்கும் கட்டியிலும் பெரும்பாலும் அதே தோற்றம்தான். மரபணுவில் ஓர் எழுத்து மாறி, புரதத்தில் ஓர் அமினோ அமிலம் மட்டும் வேறாகிவிட்ட கட்டியில் ஏறத்தாழ எல்லா உட்கருக்களும் கரும்பழுப்பாகத் தெரியும். உங்கள் சித்தியின் அறிக்கை இந்த வகை. இன்னொரு வகை உண்டு. மரபணு நடுவில் முறிந்து புரதமே உருவாகாமல் போனால் கட்டிச் செல்கள் முழுக்க வெறுமையாக இருக்கும். பக்கத்தில் உள்ள நிணச் செல்களில் மட்டும் லேசான நிறம் தெரியும். அந்த வெறுமையையும் நாங்கள் ‘பிறழ்ந்த வகை’ என்றே எழுதுகிறோம். முழுதும் நிறைந்திருந்தாலும் முழுதும் இல்லாமலிருந்தாலும் பொருள் ஒன்றுதான்.

உயர்தர சீரஸ் வகைச் சினைப்பைப் புற்றுநோயில் இது அநேகமாக எல்லோருக்கும் இருக்கும். 2011இல் வெளியான பெரிய மரபணு ஆய்வில் இந்த வகைக் கட்டிகளில் 96 சதவீதத்தில் இந்த மரபணு மாறியிருந்தது தெரியவந்தது. அதனால்தான் இந்தப் பரிசோதனை. கட்டி எந்த வகை என்று உறுதிசெய்ய உதவுகிறது. உங்கள் சித்திக்கு மட்டும் நேர்ந்த கூடுதல் கெடுதல் என்று எண்ண வேண்டாம்.

மன்னை விலங்கியல்

நன்றி டாக்டர். ஆனால் கெட்டுப்போன புரதம் ஏன் குவிகிறது? கெட்டது குறையத்தானே வேண்டும்? இதைத் தெரிந்துகொள்ளாமல் என்னால் வகுப்பில் சொல்ல முடியாது.

குடமுருட்டிக் கரை

சரியான கேள்வி. திருவையாற்றுக்காரன் நான், இப்போது வெளியூரில் மூலக்கூறு உயிரியல் ஆய்வில் இருக்கிறேன். கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் பாடநூல்கள் இங்கேதான் அவசரமாகக் கடந்துபோகின்றன.

நலமான செல்லில் பி53 எப்போதும் உருவாகிக்கொண்டே இருக்கிறது, உடனுக்குடன் அழிந்துகொண்டும் இருக்கிறது. அதன் அரை ஆயுள் சுமார் 20 நிமிடம். அழிப்பது எம்டிஎம்2 என்ற புரதம். அது பி53இன் மேல் யூபிக்விட்டின் என்ற சிறு புரதத்தைப் பொருத்துகிறது. அந்த அடையாளம் பெற்றவை புரோட்டியாசோமுக்குப் போய்த் துண்டாகின்றன. இது வீண்செலவு போலத் தோன்றும். ஆனால் ஆபத்து வரும்போது புதிதாக மரபணுவைப் படித்துப் புரதம் செய்ய நேரமில்லை. அழிப்பதை நிறுத்தினால் போதும், பி53 தானே உயர்ந்துவிடும்.

இனி டிஎன்ஏவின் இரண்டு இழைகளும் அறுந்துவிட்டன என்று வைத்துக்கொள்வோம். அறுந்த முனையில் சில புரதங்கள் போய் உட்கார்ந்து ஏடிஎம் என்ற நொதியை எழுப்புகின்றன. ஏடிஎம் பி53இன் 15ஆவது அமினோ அமிலத்தில் ஒரு பாஸ்பேட்டைச் சேர்க்கிறது; ஏடிஎம் தூண்டிய சிஎச்கே2 என்ற நொதி 20ஆவது இடத்தில் சேர்க்கிறது. எம்டிஎம்2வையும் ஏடிஎம் நேரடியாகத் தாக்குகிறது. இவற்றால் எம்டிஎம்2வின் பிடி தளர்கிறது, பி53 நிலைக்கிறது, நான்கு நான்காகச் சேர்ந்து டிஎன்ஏவில் தனக்குரிய இடங்களில் அமர்ந்து பல மரபணுக்களை இயக்குகிறது. டிஎன்ஏ இரட்டிப்பாகும்போது தடைபட்டு ஒற்றை இழை வெளியே தெரிந்தால் ஏடிஎம்முக்குப் பதில் ஏடிஆர், சிஎச்கே2வுக்குப் பதில் சிஎச்கே1. வழி வேறானாலும் வந்து சேரும் இடம் பி53தான்.

ஆசிரியர் கேட்ட கேள்விக்கான விடை இங்கே இருக்கிறது. பி53 இயக்கும் மரபணுக்களில் ஒன்று எம்டிஎம்2. தன்னை அழிப்பதைத் தானே வருவித்துக்கொள்கிறது. அதனால் நலமான செல்லில் பி53 ஏறியபடியே நிற்பதில்லை. கதிர்வீச்சு பட்ட செல்களை ஒவ்வொன்றாகப் படம் பிடித்துப் பார்த்தார்கள்: பி53 ஏறுகிறது, எம்டிஎம்2 பின்தொடர்ந்து ஏறுகிறது, பி53 இறங்குகிறது, சேதம் இன்னும் இருந்தால் மறுபடி ஏறுகிறது. ஏற்றத்துக்கும் ஏற்றத்துக்கும் இடையே சுமார் ஐந்தரை மணி நேரம். ஒவ்வோர் ஏற்றத்திலும் செல் ‘இன்னும் சேதம் இருக்கிறதா’ என்று புதிதாகப் பார்த்துக்கொள்கிறது. மருந்து கொடுத்து இந்த ஏற்ற இறக்கத்தை நிறுத்தி பி53ஐ உயரத்திலேயே நிலைக்கச் செய்தால், மீண்டும் பிரிந்திருக்க வேண்டிய செல்கள்கூட நிரந்தரமாகப் பிரிவதை விட்டுவிடுகின்றன என்று 2012இல் காட்டினார்கள். அளவு மட்டுமல்ல, அது எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதும் செல்லின் விதியைத் தீர்மானிக்கிறது.

உங்கள் சித்தியின் கட்டியில் இருக்கும் பி53க்கு டிஎன்ஏவில் அமரும் திறன் போய்விட்டிருக்கும். அடிக்கடி கெடும் இடங்கள் 175, 248, 273 ஆகியவை. எல்லாம் டிஎன்ஏவைப் பிடிக்கும் பகுதிக்குள் வருபவை. டிஎன்ஏவில் அமர முடியாத பி53 எம்டிஎம்2வை வருவிப்பதில்லை. அழிப்பது குறைந்துவிட்டதால் வேலை செய்யாத புரதம் குவிந்துகிடக்கிறது. அந்தக் கரும்பழுப்பு நிறம் அதுதான்.

இதோடு கதை முடியவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். அதே மாற்றத்தைப் பிறவியிலேயே கொண்ட எலிகளை உருவாக்கிப் பார்த்தபோது, அவற்றின் நலமான திசுக்களில் பி53 குவியவில்லை. கட்டிகளில் மட்டுமே குவிந்தது. ஆகவே கட்டிக்குள் இருக்கும் ஓயாத நெருக்கடியும், மடிப்புக் கெட்ட புரதங்களைத் தாங்கிப் பிடிக்கும் துணைப் புரதங்களும் சேர்ந்துதான் குவியலை உண்டாக்குகின்றன. ஆசிரியர் முதலில் எழுதியதில் ஒரு பாதி இங்கே பொருந்துகிறது: கட்டியில் சேதம் அதிகம் என்பது உண்மை.

வலங்கை வாசகி

இரண்டு முறை படித்தேன். மிக்க நன்றி ஐயா. நமக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதிகள் அல்லவா? ஒன்று கெட்டாலும் இன்னொன்று வேலை செய்ய வேண்டாமா?

குடமுருட்டிக் கரை

பெரும்பாலான கட்டிகளில் இன்னொரு பிரதியும் போய்விடுகிறது. 17ஆவது குரோமோசோமின் அந்தக் கையே இழக்கப்படும். இழக்காத கட்டத்திலும் தொல்லை உண்டு. பி53 நான்கு நான்காகச் சேர்ந்துதான் வேலை செய்யும் என்றேன். நான்கில் கெட்டவை கலந்துவிட்டால் நல்லதின் வேலையும் கெடுகிறது. இந்தக் காரணத்தாலேயே இது புற்றுநோயை உண்டாக்கும் மரபணு என்று தொடக்கத்தில் தவறாகக் கருதினார்கள். 1979இல் பல ஆய்வுக் குழுக்கள் இதைக் கண்டறிந்தன. அப்போது ஆய்வகங்களில் புழங்கிய பிரதிகளில் பல மாற்றமடைந்தவை. 1989 வாக்கில்தான் இயல்பான பி53 கட்டியை அடக்குகிறது என்பது நிலைபெற்றது. பத்தாண்டு போயிற்று.

மன்னை விலங்கியல்

அப்படியானால் நிறுத்தும் பகுதியை நான் சொல்லிப் பார்க்கிறேன், சரியா என்று பாருங்கள். டிஎன்ஏவை இரட்டிப்பாக்கும் கட்டத்துக்குள் செல் நுழைய ஈ2எஃப் என்ற புரதம் தேவை. ஆர்பி என்ற புரதம் ஈ2எஃப்பைப் பிடித்து வைத்திருக்கிறது. நம் வாய்க்கால் தலைப்பில் இருக்கும் மதகுப் பலகை போல. சைக்ளினோடு சேர்ந்த சிடிகே நொதிகள் ஆர்பியின் மேல் பாஸ்பேட்டுகளைச் சேர்க்கும்போது பலகை உயர்கிறது. பி53 வருவிக்கும் பி21 அந்த சிடிகே நொதிகளை முடக்குகிறது. பலகை இறங்கியே இருக்கிறது. இவ்வளவுதானே?

குடமுருட்டிக் கரை

மிகச் சரி. ஒன்றே ஒன்று சேர்க்கிறேன். பி21 உருவாகச் சில மணி நேரமாகும். அதுவரை செல் சும்மா இருப்பதில்லை. சிஎச்கே நொதிகள் சிடிசி25 என்ற புரதத்தை உடனே முடக்கி, சில நிமிடங்களிலேயே முதல் தடையைப் போட்டுவிடுகின்றன. இதற்கு பி53 தேவையில்லை. தடையை நீட்டித்து வைத்திருப்பதற்கே பி53 தேவை. ஆகவே பி53 இழந்த கட்டிச் செல் முற்றிலும் தடையின்றி ஓடுவதில்லை. டிஎன்ஏவை இரட்டித்த பிறகு, இரண்டாகப் பிளவதற்கு முன் வரும் தடையை அது பெரிதும் நம்பியிருக்கிறது.

1988இல் ஹார்ட்வெல்லும் வைனர்ட்டும் ஈஸ்டில் கண்டது இதைத்தான். ஆர்ஏடி9 மரபணு இல்லாத ஈஸ்ட், கதிர்வீச்சுக்குப் பிறகு நிற்காமல் பிரிந்து செத்தது. மருந்து கொடுத்து வெளியிலிருந்து நிறுத்திவைத்தால் பிழைத்தது. பழுது பார்க்கும் கருவிகள் அதனிடம் இருந்தன, கால அவகாசம்தான் இல்லை. எனக்கு இந்தத் துறையிலேயே மிகவும் பிடித்த சோதனை இது. ஹார்ட்வெல் 2001இல் ஹண்ட், நர்ஸ் ஆகியோரோடு நோபல் பரிசு பெற்றார்.

வண்டல் மண்

திருத்துறைப்பூண்டிப் பக்கம் விவசாயம் செய்கிறேன். எல்லாவற்றையும் வாசித்தேன், பாதி புரிந்தது. சேதம் எங்கிருந்து வருகிறது என்று யாரும் சொல்லவில்லையே? மருந்து அடிப்பதாலா, வெயிலாலா, சாப்பாட்டாலா?

குடமுருட்டிக் கரை

ஐயா, பெரும்பகுதி செல்லுக்குள்ளிருந்தே வருகிறது. உடல் சூட்டில், தண்ணீரில் ஊறிக்கொண்டிருப்பதாலேயே ஒரு செல்லின் டிஎன்ஏவிலிருந்து நாளொன்றுக்கு ஏறத்தாழ 10,000 காரங்கள், அதாவது டிஎன்ஏவின் எழுத்துகள், உதிர்கின்றன என்பது லிண்டால் கணித்தது. இவர் 2015இல் வேதியியல் நோபல் பெற்றவர். நாம் மூச்சுவிடும் ஆக்சிஜனாலும் சேதம் உண்டு. இவற்றில் மிகப் பெரும்பாலானவை சத்தமில்லாமல் சரிசெய்யப்படுகின்றன. பி53 வரை செய்தி போவதேயில்லை. வெளியிலிருந்து வருபவற்றில் வெயிலின் புறஊதாக் கதிர், புகையிலை இரண்டும் ஐயத்துக்கு இடமில்லாதவை. நம் ஊரில் வெற்றிலைக்குப் பெயர் கெடுகிறது. ஆனால் தீங்கு அதோடு சேர்க்கும் புகையிலையிலும் பாக்கிலும்தான். புகையிலை இல்லாவிட்டாலும் பாக்கு மட்டுமே வாய்ப்புற்றுக்குப் போதும் என்று உலகச் சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 2004இல் வெளியிட்டது.

சாப்பாட்டில் நீங்கள் கவனிக்க வேண்டியது நிலக்கடலை. கல்லணைக் கால்வாய்ப் பாசனப் பகுதியில் எவ்வளவு கடலை போடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். களத்தில் காயும்போது மழை பிடித்தால் பச்சை மஞ்சளாக ஒரு பூஞ்சை படருமே, அது ஆஸ்பர்ஜில்லஸ் ஃபிளேவஸ். அது உண்டாக்கும் அஃப்ளடாக்சின் பி1, கல்லீரலில் மாற்றமடைந்து டிஎன்ஏவின் ஜி எழுத்தான குவானினோடு ஒட்டிக்கொள்கிறது. பி53 மரபணுவின் 249ஆவது இடத்தில் ஜி என்பது டி ஆகிறது. ஆர்ஜினின் இருக்க வேண்டிய இடத்தில் செரின் வருகிறது. சீனாவிலும் தெற்கு ஆப்பிரிக்காவிலும் இந்த நஞ்சு மிகுந்த பகுதிகளின் கல்லீரல் கட்டிகளில் இதே எழுத்து திரும்பத் திரும்ப மாறியிருந்ததை 1991இல் கண்டார்கள். எந்த நஞ்சு எந்த எழுத்தைக் கெடுத்தது என்று இவ்வளவு துல்லியமாகச் சொல்ல முடிகிற இடங்கள் புற்றுநோய் ஆய்வில் மிகக் குறைவு. ஹெபடைட்டிஸ் பி தொற்றும் இருந்தால் ஆபத்து பன்மடங்கு.

ஒரத்தநாடு கடலை

இதைப் பற்றி நான் சொல்லலாம். காய் 8 சதவீத ஈரத்துக்கு வரும்வரை காயவைக்காமல் மூட்டை கட்டக் கூடாது. சுருங்கியது, நிறம் மாறியது, ஓட்டை விழுந்தது எல்லாம் பொறுக்கி எடுத்துவிட வேண்டும். வறுத்தால் போய்விடும் என்பது பொய். பொறுக்கியதைச் சிலர் செக்குக்கு அனுப்புகிறார்கள், அது தவறு. நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கில் தங்குகிறது. அதைத் தின்கிற மாட்டின் பாலில் அஃப்ளடாக்சின் எம்1 என்ற வடிவத்தில் வருகிறது. அந்தப் பாலைத்தான் நம் பிள்ளைகளுக்குக் காய்ச்சிக் கொடுக்கிறோம்.

வலங்கை வாசகி

இன்னொரு சிக்கல். உறவினர் ஒருவர் ‘பி53ஐக் கூட்டும் மூலிகைப் பொடி’ என்று ஒரு டப்பா வாங்கி வந்திருக்கிறார். சித்திக்குக் கீமோ தொடங்க இருக்கிறது. மறுத்தால் மனம் வருந்துவார். என்ன சொல்வது?

கண்ணாடித் துண்டு

கொடுக்க வேண்டாம் அம்மா. அவரை வருத்தாமல் சொல்ல வேண்டுமானால் அறிக்கையையே காட்டுங்கள்: பி53 ஏற்கெனவே 90 சதவீதத்துக்கு மேல் இருக்கிறது, கூட்டுவதற்கு ஒன்றுமில்லை. கெட்ட புரதத்தை இன்னும் கூட்டி என்ன பயன்? கீமோ நடக்கும்போது கல்லீரலும் சிறுநீரகமும் மருந்தைக் கையாள வேண்டும். டப்பாவில் அடைக்கப்பட்ட பொடிகளில் என்ன இருக்கிறதென்று புற்றுநோய் மருத்துவருக்குத் தெரியாமல் எதுவும் உள்ளே போகக் கூடாது.

குடமுருட்டிக் கரை

நலமானவர்களுக்கும் பி53ஐக் கூட்டுவது நன்மையல்ல. எம்டிஎம்2 இல்லாத எலிக்கரு பிறப்பதற்கு முன்பே இறந்துவிடுகிறது; பி53ஐயும் சேர்த்து நீக்கினால் பிறக்கிறது. அடக்குவாரில்லாத பி53 கருவையே கொன்றுவிடுகிறது என்று பொருள். 2002இல் பி53 ஓயாமல் வேலை செய்யும் எலிகளைப் பற்றி எழுதினார்கள். அவற்றுக்குக் கட்டி மிகக் குறைவு. ஆனால் எலும்பு தேய்ந்து, உடல் மெலிந்து, காயம் ஆறத் தாமதித்து, சீக்கிரமே முதுமையடைந்து இறந்தன. மறுபுறம், கோயில் வாசலில் நாம் பார்க்கும் யானைக்கு இந்த மரபணுவின் 20 பிரதிகள் உண்டு. அவ்வளவு பெரிய உடலில், அவ்வளவு ஆண்டு வாழ்ந்தும் புற்றுநோய் அரிது. யானையால் முடிந்ததற்குக் காரணம், அந்தப் பிரதிகள் பெரும்பாலும் முழுமையற்றவை, சேதம் வரும்போது மட்டும் கை கொடுப்பவை. அதைப் பொடியில் அடைக்க முடியாது.

வண்டல் மண்

நெல்லுக்கு இந்த பி53 உண்டா? விதையைக் கதிர்வீச்சில் வைத்துப் புது ரகம் எடுக்கிறார்களே, அந்தச் செல்கள் ஏன் புற்றாகவில்லை?

குடமுருட்டிக் கரை

இல்லை. தாவரங்களில் ஏடிஎம் உண்டு, ஆர்பி போன்றது உண்டு, பி53 இல்லை. அந்த வேலையை சாக்1 என்ற முற்றிலும் வேறு புரதம் செய்கிறது. அதையும் ஏடிஎம்தான் தூண்டுகிறது. சேதமான வேர்நுனியில் மூலச்செல்கள் செத்துப் பக்கத்திலிருப்பவை இடத்தை நிரப்புகின்றன. தாவரச் செல் சுவருக்குள் அடைபட்டிருப்பதால் இடம் விட்டு இடம் பரவவும் முடியாது.

வலங்கை வாசகி

கடைசியாக ஒன்று. அம்மாவும் சித்தியும் உடன்பிறந்தவர்கள். எங்களுக்கும் இந்த பி53 மாற்றம் வந்திருக்குமா? அம்மா இதைத்தான் மனத்தில் வைத்துக்கொண்டு கேட்காமல் இருக்கிறார்.

கண்ணாடித் துண்டு

அறிக்கையில் உள்ள பி53 மாற்றம் கட்டிச் செல்களில் பிற்காலத்தில் ஏற்பட்டது. அநேகமாக எல்லா உயர்தர சீரஸ் கட்டிகளிலும் அப்படித்தான். பிறவியிலேயே வரும் பி53 மாற்றம், லி-ஃபிராமெனி எனப்படுவது, மிக அரிது. அந்தக் குடும்பங்களில் இளம் வயதிலேயே எலும்பு, தசை, மூளை, மார்பு என்று பலருக்குப் பலவகைக் கட்டிகள் வரும். நீங்கள் சொன்னதில் அப்படி எதுவும் இல்லை.

ஆனால் கேட்க வேண்டிய வேறொரு பரிசோதனை இருக்கிறது. சித்தியின் புற்றுநோய் மருத்துவரிடம் பிஆர்சிஏ1, பிஆர்சிஏ2 மரபணுக்களுக்கான பரிசோதனையைப் பற்றிக் கேளுங்கள். இவையும் கட்டியை அடக்குபவைதான்; அறுந்த இரட்டை இழையைப் பிழையின்றி ஒட்டும் வேலை இவற்றுடையது. சினைப்பைப் புற்று வந்தவர்களில் ஏறத்தாழ ஏழு பேரில் ஒருவருக்கு இவற்றில் ஒன்று பிறவியிலேயே மாறியிருக்கும். அதனால் இந்த நோய் கண்ட எல்லோருக்குமே இந்தப் பரிசோதனை பரிந்துரைக்கப்படுகிறது. முதலில் சித்திக்கு எடுக்க வேண்டும். மாற்றம் இருந்தால் ஒலாபரிப் போன்ற மருந்துகள் அவருக்குக் கூடுதல் பலன் தரும். அதன் பிறகே அம்மாவுக்கும் உங்களுக்கும் தேவையா என்ற கேள்வி வரும். சித்திக்கு இருந்தாலும் அம்மாவுக்கு இருக்க வாய்ப்பு பாதிக்குப் பாதிதான்; அம்மாவுக்கு இருந்தால் உங்களுக்கும் பாதிக்குப் பாதி. சித்திக்கு இல்லையென்றால் அந்த வழியில் நீங்கள் அஞ்ச வேண்டியதில்லை. அடுத்த முறை போகும்போது அம்மாவையும் அழைத்துச் சென்று, அவர் முன்னிலையிலேயே கேளுங்கள். அறிக்கையின் நகலும், தாய்வழியிலும் தந்தைவழியிலும் யாருக்கு எந்த வயதில் என்ன நோய் வந்தது என்று எழுதிய ஒரு தாளும் கையில் இருக்கட்டும்.